நிலாக்கப்பல் கதவு

கதவு திறக்கவில்லை. இதோடு பதினோரு தடவை. திரையில் வெள்ளை உறைக்காரன் கதவுக்கு முன்னால் நிற்கிறான், தலையிலிருந்து கால்வரை மூடி, முகத்துக்குக் கண்ணாடி வைத்த உறை அது, உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று நாமாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கதவின்மேல் சின்ன வட்டம் ஒன்று மினுங்குகிறது, வட்டத்துக்குள் பெருக்கல் குறி. சாய்ந்த சிலுவை. என் பேரே சிலுவைதான், தூத்துக்குடியில் பழைய சாமான் எடுக்கிற சிலுவை என்றால் ஆர்பர் கேட்டில் நிற்கிற போலீஸ்காரனுக்குக்கூடத் தெரியும், என் பேரையே கதவில் ஒட்டிவைத்துவிட்டு எனக்கே திறக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? பெருக்கல் குறி என்றால் எக்ஸ். கீபோர்டில் எக்ஸ் இருக்கிறது, அமுக்குகிறேன், அவன் பொத்தென்று குத்தவைத்து உட்காருகிறான். ஏல, கதவத் திறக்கச் சொன்னா உக்காருத? மறுபடி அமுக்கினால் எழுந்திருக்கிறான். மறுபடி உட்காருகிறான். பூசைக்கு வந்தவன் மாதிரி எழுவதும் உட்காருவதுமாக இருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் கடகடவென்று சத்தம், இரும்பு நண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அகலம், வந்து இவனை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிடுகின்றன. திரை சிவக்கிறது. திரும்பவும் அதே நடைபாதை, அதே கதவு, அதே சிலுவை. மணி பத்து ஐம்பது. ஒரு மணிக்கு என் மகள் சிந்தா கூப்பிடுவாள். பதினோரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அவள் தன் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள், நான் அந்த நேரம் பார்த்து வீட்டை ஒட்டின இந்தக் கிடங்குக்குள் வந்து எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என் போனுக்கு வரும் என்று எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்த அந்தச் செய்தியை நான் நாற்பது தடவை படித்துவிட்டேன், கண்ணை மூடினாலும் வரிவரியாகத் தெரிகிறது. 'கேம் அனுப்பிருக்கேன். விளையாடிப் பாருங்க. அதுல நான் செஞ்சது எதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டியன்னா புதன்கிழமை வீட்டுக்கு வாரேன். இல்லேன்னா போன அம்மாட்ட குடுத்திருங்க. வியாழக்கிழமை ராத்திரி வேலைக்காக போலந்துக்கு பிளைட்டு.' அவ்வளவுதான். அப்பா என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன்.

சரி, சரக்கை முதலில் சரக்காகப் பார்ப்போம். கோபப்பட்டால் கண் தெரியாது, முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் கோபம் வராமல் இருந்ததில்லை. எந்த ஏலச் சரக்கையும் நான் கண்ணால் பார்த்து எடுக்கிறவன் இல்லை, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து எடுப்பவன். நல்ல தகடு என்றால் ஒரு சத்தம், உள்ளே துரு தின்றுவிட்டு மேலே பெயிண்ட் அடித்த தகடு என்றால் வேறு சத்தம், ஈரமான சத்தம். இதில் எப்படித் தட்டுவது? துப்பாக்கி இருக்கிறதே. மவுஸை அமுக்கி இந்தச் சுவரைச் சுட்டேன், டங் என்றது. அந்தச் சுவரைச் சுட்டேன், டொக் என்றது. அட, சுவருக்குச் சுவர் சத்தம் வேறு! தரையைச் சுட்டால் இன்னொரு சத்தம். குழாயைச் சுட்டால் ஆவி சீறிக்கொண்டு வருகிறது. இதை உட்கார்ந்து ஒருவன் செய்திருக்கிறான், சிலுவை என்று ஒருத்தன் வந்து தட்டிப் பார்ப்பான் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? இதைச் சிந்தா செய்திருப்பாளா? சின்ன வயதில் என்னோடு கிடங்குக்கு வந்தால் அவளும் தட்டுவாள், ஒன்றரைச் சாண் உயரத்தில் நின்றுகொண்டு கம்ப்ரசரில் காதை வைப்பாள். ஆனால் சத்தம் அவள் வேலை இல்லை என்று என் வீட்டுக்காரி பிலோமி சொன்னாள், பிலோமிக்கும் வேறு எதுவும் தெரியாது. துருவைப் பார்க்கிறேன், கிட்டத்தில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்திப் பார்க்கிறேன். துரு தப்பு. இது மழைத் துரு, செம்மண் நிறம். கடல் துரு கறுத்துப்போய் அடுக்கடுக்காய் உரியும். அதுவும் நிலாவைச் சுற்றுகிற கப்பல் என்கிறான், அங்கே மழை ஏது, காற்று ஏது, காற்றில்லாத இடத்தில் துரு எப்படி வரும், இதைச் செய்தவன் ஒரு நாளும் ஒரு கப்பலுக்குள் இறங்கியவன் இல்லை. இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. போல்ட்டுகளை எண்ணிப் பார்த்தேன், ஏழாவது போல்ட்டில் ஒரு கீறல், பதினாலாவதில் அதே கீறல், இருபத்தொன்றிலும். பிடித்துவிட்டேன். ஒரு துண்டைச் செய்து ஒட்டியிருக்கிறான். ஒட்டு தெரிந்துவிட்டால் எனக்குத் தெம்பு வந்துவிடும், சரக்கை விற்கிறவன் முகம் அந்த நேரத்தில் ஒரு மாதிரி கோணும், இங்கே கோணுவதற்கு ஒரு முகமும் இல்லை, கண்ணாடிக்குள் வெள்ளை உறைக்காரன் மட்டும். ஏலத்தாளில் முதல் வரியாக அச்சடித்திருப்பான், உள்ளது உள்ளபடி. எடுத்த பிறகு ஓட்டை, உடைசல், குறை என்று யாரும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளது உள்ளபடி என்று சொல்லி ஒரு குண்டூசிகூட நான் எடுத்தது கிடையாது. குறை சொல்லாமல் எதையும் தொட்டதில்லை. அதே மாதிரி முதல் விலையையும் என் வாயால் நான் சொன்னது கிடையாது, எதிராளி பேசட்டும், அவன் பேசுகிறவரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பதினோரு மாதம் நின்றிருக்கிறேன். அவள் என் மகள், அவளும் நின்றாள். வெள்ளிக்கிழமை அவள்தான் முதலில் வாய் திறந்தாள், அப்படியென்றால் நான் ஜெயித்தேன் என்றுதான் கணக்கு, ஆனால் ஜெயித்தவனுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது. போர்ட். பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "யப்பா, எனக்கு வேல கெடச்சிருக்கு, போர்ட்டிங் வேல" என்றாள். போர்ட்டில் வேலை, துறைமுகத்தில். தூத்துக்குடிக்காரன் காதில் அது வேறு எப்படி விழும்? எத்தனை வருடம் அந்த ஆர்பர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று உள்ளே போகிற பாஸுக்காகப் பல்லைக் காட்டியிருக்கிறேன், என் மகள் உள்ளே நாற்காலியில் உட்காரப்போகிறாள் என்றால் என்ன செய்வேன்? நாலு கிலோ மக்ரூன் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். லியோன் மட்டும், என்கூடவே ஏலத்துக்கு வந்து என் விலையை ஏற்றிவிடுகிறவன், பிலோமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வேறு, மக்ரூனைக் கடித்துக்கொண்டே கேட்டான். "என்ன வே சிலுவை, பெங்களூர்ல ஏதுவே கடலு?" "அது ஹெட் ஆபீசு வே, ஒமக்கு என்ன தெரியும்" என்றேன். ஹெட் ஆபீஸ்! எப்படி வாயில் வந்தது அது? அப்புறம் மாதா கோயில் திருவிழாவுக்கு அவள் வந்தாள், வீடு நிறைய ஆள், லியோன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏட்டி ஜெசிந்தா, ஹெட் ஆபீசுல கப்பல்லாம் எந்த ரோட்டு வழியா வருது?" என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் சிரித்துவிட்டாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை, இப்போது நினைத்தால் தெரிகிறது. "ஆர்பர் இல்ல மாமா. டிவில மாட்டி விளையாடுத கேம் இருக்கில்லா, அத கம்ப்யூட்டர்ல ஓடுத மாதிரி மாத்துதது. அதுக்குப் பேரு போர்ட்டிங்." வீடே சிரித்தது. கொழுந்தியாள் சிரித்தாள், பந்தி பரிமாற வந்தவன் சிரித்தான். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. வெளாட்டுச் சாமானா? எவனோ செஞ்சத, எவனோ வெளாடப்போறத, நடுவுல நின்னு இங்கருந்து எடுத்து அங்க வைக்கதா? அதுல நீ செஞ்சது என்னட்டி, வெரல் வச்சுக் காட்டு பாப்போம் என்று மேசையில் ஓங்கி அறைந்தேன், இடது கையால். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "நீங்களும் கப்பல்ல வாரத எடுத்து கடைக்குத்தான மாத்துதிய. நானும் அதத்தாம்பா செய்யுதேன்" என்றாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அப்படிச் சுட்டது. தரகு வேலைக்கா ஒன்னப் படிக்க வச்சேன், இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத என்று கத்தினேன். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள். தேர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது, அவள் பெட்டியோடு கூட்டத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள், மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூப்பிடவில்லை. முதல் வார்த்தை என்னுடையதாக இருக்கக் கூடாதே.

"இஞ்சேருங்க, டீ." பிலோமி பூசை முடிந்து வந்துவிட்டாள், முக்காடுகூட எடுக்கவில்லை, டம்ளரை எங்கே வைப்பது என்று பார்க்கிறாள். "என்ன, கண்டுபிடிச்சியளா?" திரையை எட்டிப் பார்த்தாள். "அவன் ஏன் இப்படி நடக்கான்? குடிச்சிருக்கானா?" அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையிலிருந்து இவன் இடதுபக்கமாகத்தான் சரிந்து சரிந்து போகிறான், நேரே நட என்றாலும் சுவரை உரசிக்கொண்டு, நான் ஒன்றையும் தொடாமல் இருந்தாலும் மெல்ல மெல்ல இடதுக்கு நகர்கிறான். சரக்கில் குறை. பெரிய குறை. இதைத்தான் அவள் செய்தாள் என்று இருந்தால்? என் மகள் கை வைத்த இடம்தான் கோணலாக இருக்கிறது என்றால் ஒரு மணிக்கு நான் என்ன சொல்ல? விலை சொல்லுகிறபோது வராத பயம் இது. "பேசாமப் போ, வந்துட்டா பெரிய இன்ஜினியரு" என்று பிலோமியிடம் பாய்ந்தேன். "ஆமா, எம்மேல மட்டும் பாயுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து போன மாத்தி மாத்திக் குடுத்தவ நாந்தான். சீலா மீனு வாங்கிருக்கேன், புளி ஊற வச்சிருக்கேன், அவ வாரான்னு சொன்னா புதன்கிழமைக்கும் வாங்கணும், சொல்லுங்க" என்று டம்ளரை என் கைக்குப் பக்கத்தில் இடித்து வைத்துவிட்டுப் போனாள். வைத்த வேகத்தில் டீ சிந்தி அந்தப் பிடியில் பட்டது, கேம் ஆடுகிற பிடி, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி கொம்பு வைத்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சந்தனராஜ்தான் நேற்று எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு இதையும் சொருகி வைத்துவிட்டுப் போனான். "நீங்க புதுசுல்லா அண்ணாச்சி, கீபோர்டு வேண்டாம், இதவச்சு ஆடுங்க, லேசு" என்றான். அவனுக்கென்ன, பத்து விரல். என் இடது கையில் அது நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே போனது, எரிச்சலில் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். இப்போதும் கவிழ்ந்துதான் கிடக்கிறது. டீ வேறு. சவம், எல்லாம் உன்னால்தான் என்று வயரைப் பிடித்து ஒரே இழு. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை உறைக்காரன் நின்றுவிட்டான். சரியவில்லை. கதவுமேல் இருந்த சிலுவையைக் காணோம், அந்த இடத்தில் கீபோர்டில் இருக்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டை, கட்டைக்குள் E என்ற எழுத்து.

ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. வயரைத் திரும்பச் சொருகி, பிடியை அதேபோலக் கவிழ்த்து வைத்தேன். சிலுவை வந்தது, அவன் சரிந்தான். பிடுங்கினேன், E வந்தது, நின்றான். சொருகினேன். பிடுங்கினேன். கவிழ்ந்து கிடந்த பிடியின் குமிழ் மேசையில் அழுந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதுதான் இவனை இடதுக்குத் தள்ளியிருக்கிறது. யாரோ பிடியில் கைவைத்திருக்கிறார்கள் என்று அது நினைத்து, பிடியில் உள்ள குறியைக் காட்டியிருக்கிறது, நான் மடையன் அதைக் கீபோர்டில் தேடியிருக்கிறேன். குறை சரக்கில் இல்லை. இங்கே, இந்த மேசையில். எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எந்தக் கை தன்மேல் இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது! கை மாறினால் பேச்சையும் மாற்றிக்கொள்கிறது. வடநாட்டு ஆள் ஏலத்துக்கு வந்தால் நான் இந்தியில் இரண்டு வார்த்தை போடுவேன், கேரளாக்காரன் என்றால் மலையாளத்தில், ஆளைப் பார்த்து வாயை மாற்றினால்தான் சரக்கு நகரும், அதேதான், அதேதான் இது. டிவிப் பெட்டியில் ஓடினபோது இதற்கு ஒரு கைதான் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு யாரோ ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஆள் எப்படிப்பட்ட கையோடு வருவான் என்று யோசித்திருக்கிறார். இதுவாக இருக்குமோ அவள் வேலை? இருக்கலாம். மணி பதினொன்று நாற்பது. E அமுக்கினேன். கதவு பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே ஏறியது, கையை எடுத்ததும் படாரென்று இறங்கியது. வெடுக்கென்று இடது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன், இல்லாத இரண்டு விரலும் சேர்ந்து வலித்தன. இருபது வயதில் ஆர்பரில் கண்டெய்னர் கதவு. காற்று வந்து சாத்தியது, கீல் பக்கம் என் கை இருந்தது, நடுவிரலும் மோதிரவிரலும் அங்கேயே நின்றுவிட்டன. வலிக்கு முந்தி சத்தம்தான் வந்தது, இதே சத்தம், படார். போகட்டும். இந்தக் கதவு அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் திறந்து நிற்கும், E-யை அமுக்கியபடியே W-யை அமுக்கி நடந்து உள்ளே போகவேண்டும், வலது கை மவுஸில் நண்டைச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். காலையிலிருந்து நான் ஆட்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வொரு கட்டையாகத்தான் கொத்திக்கொண்டிருக்கிறேன். E-யைப் பிடித்தால் W-க்கு விரல் இல்லை, W-க்குப் போனால் கதவு விழுந்துவிடும். சுண்டுவிரலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், எட்டவில்லை, எட்ட வைத்தால் நரம்பு இழுக்கிறது, பெருவிரலை வளைத்தால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அழுந்துகிறது. நண்டு வந்தது. கிழித்தது. சிவப்பு. மறுபடி. கிழித்தது. பன்னிரண்டு ஆகிவிட்டது.

பத்து விரல்காரனுக்குச் செய்த உலகம். புதிதா என்ன? பாஸ் கேட்கப் போன இடத்தில் கையைப் பார்ப்பான், பிறகு முகத்தைப் பார்ப்பான், வேலை இல்லை என்பான். வேலை கொடுக்காததால்தான் வியாபாரத்துக்கு வந்தேன். விரலைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அடித்துவிடுவேன், ஊருக்கே தெரியும், லியோன்கூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். ஒரே ஒரு தடவைதான் எடுத்தான். சிந்தாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வீடு என்று படம் வரையச் சொன்னார்கள் என்று தரையில் கவிழ்ந்து படுத்து வரைந்துகொண்டிருந்தாள். லியோன் குனிந்து பார்த்துவிட்டு, "ஒம்ம மக ஒம்ம கையத் தத்ரூபமா போட்டிருக்கா வே, பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டப்போறா" என்றான். வாங்கிப் பார்த்தேன். வீடு இல்லை, கிடங்கு இல்லை, என் இடது கை மட்டும் தாள் நிறைய. மூன்று விரல். பெருவிரலை ஆட்காட்டி விரல் உயரத்துக்கு நீட்டிப் போட்டிருந்தாள், நகத்துக்கெல்லாம் மஞ்சள் அடித்திருந்தாள். அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பாள், சுண்டுவிரலை ஒரு கை, ஆட்காட்டியை ஒரு கை, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு. கை என்றால் வேறு எப்படி வரைவாள்? எனக்கு அது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பூராவும் சிரிக்கும் என்பதுதான் தோன்றியது. இரண்டாகக் கிழித்தேன், நான்காகக் கிழித்தேன். அவள் அழவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் படம் வரைந்து நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை, இருபது வருடம். அந்தத் துண்டுகளை என்ன செய்திருப்பாள்? குப்பையில் போட்டிருப்பாள். இல்லை, பொறுக்கியவள் ஏன் குப்பையில் போடுகிறாள். நண்டு வருகிற சத்தம். சனியன், போதும், ஒரு கதவைத் தாண்ட முடியாதவன் என்னத்தைக் கண்டுபிடிக்கப்போகிறான், போனை பிலோமியிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதான் என்று கீபோர்டின் மூலையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். நண்டு காலைத் தூக்கியபடியே அந்தரத்தில் உறைந்து நின்றது. அதன்மேல் ஒரு பட்டியல் வந்து விழுந்தது.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனால் பெரிய எழுத்து இங்கிலீஷ் படிப்பேன், கண்டெய்னர் படித்துக் கற்றது. மூன்றாவது வரியில் கண்ட்ரோல்ஸ். கிரேன் ரூமில் எழுதியிருக்கும், கண்ட்ரோல். வெளியே போகிற வரியைத்தான் தேடினேன், ஆனால் பட்டியல் என்று ஒன்று கையில் வந்துவிட்டால் முழுக்கப் பார்க்காமல் என்னால் வைக்க முடியாது, ஏல லாட்டில் கடைசியில் போட்டிருக்கிற சாமானில்தான் எப்போதும் லாபம் ஒளிந்திருக்கும். அமுக்கினேன். நிறையக் கோடுகள், எண்கள், கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஹேண்ட் என்று எழுதி ஒரு எண். ஹேண்ட் எனக்குத் தெரியும், பெட்டிமேல் பார்த்துக் கையாளவும் என்று இங்கிலீஷில் போட்டிருப்பானே, அந்த ஹேண்டில் என்ற வார்த்தையில் பாதி. ஹேண்ட் ஒன்று, ஐந்து விரலோடு இடது கை, எந்த விரல் எந்தக் கட்டை என்று கோடு இழுத்திருக்கிறது. ஹேண்ட் இரண்டு, ஐந்து விரலோடு வலது கை, இடக்கைப் பழக்கக்காரர்களுக்காக இருக்கும். அடுத்தது. ஹேண்ட் மூன்று. மவுஸை அங்கே கொண்டுபோனேன், படம் பெரிதாக விரிந்தது. இடது கை. பெருவிரல், ஆட்காட்டி விரல், சுண்டுவிரல். நடுவில் இரண்டு இடம் காலி. காலியை மறைக்கவில்லை, மடக்கிவைத்த மாதிரி காட்டவில்லை, இல்லை என்றே வரைந்திருக்கிறது, ஓரம் வளைந்து, ஆறிப்போன தோல் மாதிரி. என் கையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை பேர் இதை விளையாடுவார்கள், லட்சம் பேரா, கோடிப் பேரா, எந்தெந்த ஊரில், அவர்கள் எல்லார் வீட்டிலும் இந்தக் கை இருக்கிறது, மூன்றாவதாக. எங்கேயாவது ஒரு மில்லில் விரலைக் கொடுத்தவன் இதை அமுக்குவான், யார் கை இது என்று அவனுக்குத் தெரியாது. மறுபடி பார்த்தேன், குறை சொல்லுகிற கண்ணோடுதான் பார்த்தேன், எனக்கு வேறு கண் கிடையாது. பெருவிரல் நீளம். ஆட்காட்டி விரல் உயரத்துக்கு இருக்கிறது. எந்தக் கையிலும் பெருவிரல் அவ்வளவு நீளம் இருக்காது. ஒரே ஒரு தாளில் இருந்தது.

ஹேண்ட் மூன்றை அமுக்கிவிட்டு வெளியே வந்தேன். நண்டு விட்ட இடத்திலிருந்து காலை இறக்கியது, செத்தேன், பரவாயில்லை, மறுபடி நடைபாதை. கையை வைத்ததும் தெரிந்தது, விரலைத் தேடவே வேண்டியதில்லை, கட்டைகள்தான் விரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆட்காட்டி விரலை அமுக்கினால் நடை, பெருவிரலுக்குத் தாவல், பக்கம் திரும்புவதையெல்லாம் மவுஸ் பார்த்துக்கொள்கிறது. சுண்டுவிரல் அழுந்தினால் கதவு. சுண்டுவிரலா? என் கையில் எதற்கும் ஆகாதது என்று நான் ஒதுக்கிவைத்த விரல் அது, அவள் பிடித்து ஊஞ்சலாடியதோடு சரி. அமுக்கினேன். கதவு பெருமூச்சோடு ஏறியது, நின்றது, நான் அமுக்கிக்கொண்டே இருக்கிறேன், அது நின்றுகொண்டே இருக்கிறது. ஆட்காட்டி விரலால் நடந்தேன். ஒரு நண்டைச் சுட்டேன், இரண்டைச் சுட்டேன், மூன்றாவது வருவதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டான். சுண்டுவிரலைத் தளர்த்தினேன். படார். இந்தத் தடவை கையை நெஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை, அங்கேயே வைத்திருந்தேன், என்ன நடக்கிறது பார்ப்போம் என்று. ஒன்றும் நடக்கவில்லை. கதவு எனக்குப் பின்னால் மூடியிருந்தது. முன்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப்பக்கம் ஒரே கறுப்பு, கறுப்பில் தூரத்தில் நீலமாக ஒரு உருண்டை. அதில் எங்கேயோ தூத்துக்குடி இருக்கும், பெங்களூர் இருக்கும், போலந்து இருக்கும். மணி பன்னிரண்டு நாற்பது. இன்னும் இருபது நிமிடம். அவள் கூப்பிடுவாள், நான் எடுப்பேன், அவள்தான் முதலில் பேசவேண்டும், வழக்கம் அதுதான். போனை எடுத்துப் பார்த்தேன். வைத்தேன். எடுத்தேன். அவள் பேரை அமுக்கும்போது சுண்டுவிரல் இன்னும் கட்டைமேலேயே இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போன் இரண்டு தடவை மணியடித்தது.

"யப்பா?" என்றாள், மூச்சு வாங்குகிற மாதிரி. "இன்னும் ஒரு மணி ஆகலியே." என்ன சொல்லலாம் என்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை, வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. "சரக்கப் பாத்தேன். ஒரு குறை இருக்கு." அடுக்களையில் பிலோமி அம்மியை நிறுத்திவிட்டாள், காது முழுக்க இங்கேதான் இருக்கும். "என்ன குறைப்பா?" என்றாள் சிந்தா, மெதுவாக. "மூணாவது கையில, பெருவெரல் நீளம் சாஸ்தி." அவள் சிரிக்கிறாளா என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை, போனுக்குள் ஏதோ உடைகிற மாதிரி வந்தது, அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அது அப்ப இருந்தே அப்படித்தாம்பா. ஒட்டி வச்சிருக்கேன், நாலு துண்டும் இருக்கு. அதப் பாத்துத்தான் வரஞ்சேன்." நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் பல்லி ஒன்று இருந்தது. "திருத்தணுமாப்பா?" என்றாள். "வேண்டாம்" என்றேன். "வேண்டாம்மா. உள்ளது உள்ளபடி எடுத்துக்கிடுதேன்."